வாசல் கானில் கிடந்த சிவப்பு

அம்மா வெற்றிலை போடாமல் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனதில்லை. விடியக்காலை நாலரைக்கு எழும்பி, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, இஸ்தோப்பில் குந்தி ஒரு வாய் போட்டு, வாசலில் தண்ணீர் ஓடும் கானில் துப்பிவிட்டுத்தான் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டுவார். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பாதிப் பெண்களுக்கு அதுதான் காலை. 2022 பெப்ரவரியில் ஒரு நாள் கானில் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சிவப்புக் கிடந்ததைப் பார்த்தும் நான் கடந்து போய்விட்டேன். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், முதலாம் பாடம் என்னுடையது. பக்கத்துக் காம்பரா அத்தையும் பார்த்திருக்கிறார். "வெத்தல எச்சிதானேன்னு ஒரு வாளி தண்ணிய ஊத்திவிட்டேனே புள்ள" என்று பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அன்று இரவு ஏழரை மணி இருக்கும். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். நான் பேசினைக் கொண்டுவருவதற்குள் சுவர் முழுக்கத் தெறித்தது. பேசினில் விழுந்தது கட்டி கட்டியாக, இறைச்சிக்கடையில் தொங்கும் ஈரல் துண்டுபோல இருந்தது. "ஈரல் வெட்டி விழுகுது" என்று யாரோ வாசலில் கத்தினார்கள். அது ஈரல் இல்லை, வயிற்றில் தேங்கி உறைந்த இரத்தம். ஆனால் அந்த இரவில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அடித்தேன். தமிழில் பேசிய ஒரு பெண், ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதுவும் கொடுக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். அதற்குள் கொத்தமல்லித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, இஞ்சி இடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் அன்புதான். ஆனால் மல்லாக்கப் படுத்திருக்கும் ஆளுக்கு அந்த நேரம் ஒரு மிடறு கொடுத்தாலும், அடுத்த வாந்தி நுரையீரலுக்குள் போய்விடலாம். அம்புலன்ஸ் எங்கள் லயம் வரைக்கும் ஏறாது. மலையடியில் இருக்கும் பெரிய ரோடு வரைக்கும் அம்மாவைக் கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். டோர்ச் பிடித்துக்கொண்டு நான் முன்னால் போனேன்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் தோட்டத்தின் மேல் டிவிஷனில் ஒருவருக்கு இதே மாதிரி, ஈரல் இறுகி வருகிற இரத்த வாந்தி வந்தது. ஆட்கள் என்னிடம் வந்து, "டீச்சர், ஒங்க அம்மாவுக்கு வந்ததுதானே, இனி பொழைக்க மாட்டாங்கதானே" என்று கேட்டார்கள். அம்மா அப்போது உள்ளே பருப்பு தாளித்துக்கொண்டிருந்தார். நான் வைத்தியர் இல்லை, தமிழ் படிப்பிக்கிறவள். வாட்டில் கட்டிலுக்குக் கீழே படுத்துக் கேட்டதையும், பிறகு தேடித் தேடிப் படித்ததையும்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஆட்கள் "ரத்த நரம்பு வெடிச்சிருச்சு" என்பார்கள். பாதி சரி. வெடிப்பது நரம்பல்ல, இரத்த நாளம். அது ஏன் வீங்கியது என்பதற்குக் கண்டியில் ஒரு டொக்டர் என்னிடம், "நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார். மஸ்கெலியா என்றேன். "அப்ப மவுஸ்ஸாகலை டேம் தெரியும்தானே" என்று சிரித்தார். குடலிலும் மண்ணீரலிலும் இருந்து வருகிற இரத்தமெல்லாம் ஒரே பெரிய நாளத்தில் சேர்ந்து ஈரலுக்குள் போகிறது. ஈரல் பஞ்சுபோல இருக்கும்வரை அது லேசாக ஊறிப் போய்விடும். வருடக்கணக்கில் தழும்பு விழுந்து ஈரல் இறுகிப்போனால், உள்ளே போக வழியில்லாமல் இரத்தம் பின்னால் தேங்குகிறது. மழைக்காலத்தில் மவுஸ்ஸாகலை நிரம்பினால் வான்கதவு வழியே மிச்சத் தண்ணீர் பாயும், பள்ளத்தில் இருக்கிற ஆட்களுக்கு எச்சரிக்கை கொடுப்பார்கள். உடம்பில் வான்கதவு கிடையாது. தேங்கிய இரத்தம் கண்ட ஓடையிலெல்லாம் ஏறும். உணவுக்குழாயின் அடிப்பகுதியிலும் இரைப்பையின் மேல்பகுதியிலும் உட்தோலுக்கு அடியில் மெல்லிய சின்ன நாளங்கள் இருக்கின்றன. அவை அந்தச் சுமைக்குப் படைக்கப்பட்டவை அல்ல. வீங்கி, சுருண்டு, சுவர் மெலிந்து, ஒரு நாள் பிய்ந்துவிடுகின்றன.

இதற்கு அளவும் இருக்கிறது. அந்தப் பெரிய நாளத்துக்கும் ஈரலைத் தாண்டிய பக்கத்துக்கும் இடையிலான அழுத்த வித்தியாசம் சாதாரணமாக 5 மி.மீ. பாதரசத்துக்கு மேல் போகாது. 10ஐத் தொட்டால் இந்த நாளப் புடைப்புகள் உண்டாகத் தொடங்கும். 12ஐத் தாண்டினால் இரத்தம் கசியலாம். அம்மாவுடைய அழுத்தத்தை யாரும் அளக்கவில்லை, அதை அளப்பது லேசான வேலையும் இல்லை. ஆனால் அவருடைய உடம்பு வேறு பாஷைகளில் அதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் அவை ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. அதனால்தான் ஏமாந்தோம்.

2020இல் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிளேட்லட் எண்பதாயிரத்துச் சொச்சம். இந்த நாட்டில் பிளேட்லட் குறைந்தால் டெங்குதான். ஐந்து நாள் வைத்துப் பார்த்தார்கள், காய்ச்சல் விட்டது, வீட்டுக்கு வந்தோம். பிளேட்லட் திரும்ப ஏறியதா என்று நாங்களும் கேட்கவில்லை, வேறு யாரும் பார்க்கவுமில்லை. ஏறியே இருக்காது என்று இப்போது தெரிகிறது. ஈரலுக்குப் பின்னால் தேங்கும் இரத்தம் மண்ணீரலையும் வீங்கவைக்கும். வீங்கிய மண்ணீரல் பிளேட்லட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வயிறு உப்பியபோது அது "கேஸ்". களைப்பு வந்தபோது "ரத்தம் பத்தலை", அதற்கு இரும்புச்சத்து மாத்திரை. அந்த மாத்திரை போட்டால் மலம் கறுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே மலம் கறுத்தபோது யாரும் பயப்படவில்லை.

அருவருப்பு பார்க்காமல் இதை எழுதிவிடுகிறேன். மாத்திரையால் கறுக்கும் மலம் கெட்டியாக, சற்றுப் பச்சை கலந்த கறுப்பாக இருக்கும். உள்ளே இரத்தம் கசிந்து, குடலில் செரித்து வருகிற மலம் ரோட்டுக்கு ஊற்றும் தார் போல மினுங்கும், ஒட்டும், தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகாது. அதன் வாடையை ஒரு தடவை அறிந்தவர்களுக்கு மறக்காது. எங்கள் லயத்தில் பொதுக் கக்கூஸ். அம்மா விடியுமுன் போய்வருவார், யார் பார்ப்பது?

முழங்கால் வலிக்கு அம்மா கடையில் வாங்கிப் போட்ட மாத்திரையையும் சொல்ல வேண்டும். கூடையோடு முப்பது வருடம் ஏறி இறங்கிய முழங்கால். டைக்ளோஃபெனாக்கை மிட்டாய்போல வாங்கலாம். ஈரல் இறுகியவர்களுக்கு அந்த வகை வலி மாத்திரைகள் இரத்தக் கசிவையும் கூட்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதை எங்களுக்கு முதன்முதலில் சொன்னது கண்டி வாட்டில் இருந்த ஒரு நர்ஸ் மிஸ்.

முதலில் போன ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் பெரிய ஊசி ஏற்றி சேலைன் போட்டார்கள், இரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 5.8. ஒரு இளம் டொக்டர் வந்து கேட்டார்: "குடிப்பாங்களா?" இல்லை என்றேன். இன்னொருவர் வந்து கள்ளச்சாராயத்தைப் பற்றிக் கேட்டார். "கசிப்பு?" இல்லை. மூன்றாவதாக வந்தவர் அம்மாவிடமே சிங்களத்தில் கேட்டார். அம்மாவுக்குக் கேள்வி புரிந்தது. இரத்தம் காய்ந்த உதட்டோடு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர்கள் கேட்டதில் தவறில்லை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் தோட்டத்து ஆள் என்றால் பதில் இன்னதுதான் என்று முடிவு செய்துகொண்டு கேட்பதுபோல இருந்தது. அதை நான் மறக்கவில்லை. அம்மாவின் ஈரலைக் கெடுத்தது பன்னிரண்டு வருட நீரிழிவும் ஈரலில் படிந்த கொழுப்பும். ஒல்லியான உடம்பிலும் அது வரும், தெற்காசியர்களிடம் அது அரிதும் அல்ல.

அதற்காக, குடித்து இந்த நிலைக்கு வந்தவர் ஏதோ குறைந்தவர் என்று நான் சொல்லவரவில்லை. சாராயத் தவறணை வாசலில் சம்பளத்தை விட்டுவிட்டு வந்த மனிதனுக்கும் இதே ஊசி, இதே குழாய், இதே அவசரம்தான் தேவை. எங்கள் மலையில் ஆண்கள் பலர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதே, முதல் கேள்வியில் கிடைக்கும் அவமானத்துக்குப் பயந்துதான்.

ராத்திரி ஒன்பதரைக்குக் கண்டிக்கு அனுப்பினார்கள். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை. அந்த ரோட்டின் ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும், ஆனால் அன்று போல நீளமாக அது ஒருநாளும் இருந்ததில்லை. புறப்படுமுன்பே இரண்டு மருந்துகளைத் தொடங்கியிருந்தார்கள். அம்மா உயிரோடு கண்டிக்கு வந்து சேர்ந்ததற்கு அவையும் காரணம் என்று நம்புகிறேன். ஒன்று டெர்லிப்ரெசின். அது குடலுக்குப் போகும் குழாய்களைச் சுருக்கி, ஈரலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். அணைக்கு வருகிற ஆற்றையே சுருக்குகிற மாதிரி. வாய் வழியாகக் கெமராக் குழாய் போட்டுப் பார்க்கும்வரை காத்திருக்காமல், சந்தேகம் வந்தவுடனேயே கொடுக்க வேண்டிய மருந்து அது. அது இல்லாத இடத்தில் ஒக்ட்ரியோடைட் போடுவார்கள். மற்றது செஃப்ட்ரையாக்சோன், கிருமி மருந்து. இரத்தம் வடிகிறவருக்குக் கிருமி மருந்து எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஈரல் இறுகியவருக்கு இரத்தம் போனால் குடலில் இருக்கும் கிருமி இரத்தத்தில் கலப்பது லேசு. கலந்தால் மறுபடி கசியும், ஆளும் போய்விடுவார். இரத்தத்தை நிறுத்துவதில் அதுவும் பாதி வேலை.

காலையில் மாமா, சித்தப்பா, தம்பியின் கூட்டாளிகள் என்று பத்துப் பேர் வந்து நின்றார்கள். "எல்லார்கிட்டயும் எடுத்துக்குங்க, எவ்வளவு வேணும்னாலும் ஏத்துங்க" என்றார் மாமா. இரண்டு பைண்ட் மட்டும் ஏற்றிவிட்டு நிறுத்தினார்கள். மாமாவுக்குக் கோபம். பிள்ளைக்கு ஒரு பங்கு கஞ்சி குறைத்து ஊற்றினால் வருகிற கோபம் அது. வாட்டு டொக்டர் நின்று விளக்கினார். கூடுதலாக ஏற்றினால் தேங்கிய நாளத்தில் அழுத்தம் திரும்பக் கூடி, அடைத்த இடம் பிய்யும். ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனால் ஏற்றுவோம், 7க்கும் 8க்கும் இடையில் நிறுத்துவோம் என்றார். பிறகு நான் தேடிப் பார்த்தேன். 2013இல் வெளியான ஒரு ஆய்வில், பார்சிலோனாவில் வயிற்றில் இரத்தக் கசிவோடு வந்த 921 பேரில், பாதிப் பேருக்கு இப்படிக் குறைவாகவும் மற்றப் பாதிக்குத் தாராளமாகவும் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஆறு கிழமை கழித்து, குறைவாக ஏற்றியவர்களில் 95 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். தாராளமாக ஏற்றியவர்களில் 91.

எட்டு மணிக்குக் கெமரா. வந்து சேர்ந்து 12 மணித்தியாலத்துக்குள் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. ஆளை ஓரளவு நிலைப்படுத்திய பிறகுதான் பார்க்கலாம். என்னை உள்ளே விடவில்லை. கையெழுத்து வாங்க வந்தபோது, "நிற்காவிட்டால் பலூன் வைத்துக் கட்டுவோம்" என்றார்கள். மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ ஒரு குழாயை இறக்கி, இரைப்பைக்குள் பலூனை ஊதி அழுத்திப் பிடிப்பது. 1950இலிருந்து இருக்கிற முறை. கூடிப்போனால் ஒரு நாள் வைக்கலாம், அதற்கு மேல் வைத்தால் உள்ளே புண்ணாகிவிடும். ஈரலுக்குள்ளேயே கம்பிக் குழாய் ஒன்றைச் செருகி இரத்தத்துக்கு மாற்றுவழி போடும் சிகிச்சையும் உண்டு, ஆனால் அதற்கு இயந்திரமும் பழகிய கையும் வேண்டும். எங்களுக்கு இரண்டும் தேவைப்படவில்லை.

முக்கால் மணித்தியாலம் கழித்து டொக்டர் வெளியே வந்தார். கையில் படம் இருந்தது. உணவுக்குழாயின் உள்ளே நீல நிறத்தில் நாலு தடித்த கயிறுகள் நீளமாக ஓடின. ஒன்றின் மேல் சிவப்புப் புள்ளி. "இந்த இடம்தான்" என்றார். ஐந்து வளையம் போட்டிருந்தார். அது என்ன வளையம் என்று கேட்டேன். களைத்துப்போயிருந்த மனிதர், ஆனாலும் திரும்பி உள்ளே போய், கெமராக் குழாயின் நுனியில் மாட்டும் கண்ணாடிபோலத் தெளிந்த பிளாஸ்டிக் குப்பியைக் கொண்டுவந்து காட்டினார். விரல் கணு அளவு. அதன் வெளிப்புறத்தில் கறுப்பு ரப்பர் வளையங்கள் வரிசையாக இழுத்து மாட்டியிருந்தன. மீதம் ஒன்றே ஒன்று. குழாயை நாளத்துக்கு முன்னால் கொண்டுபோய் உறிஞ்சினால், வீங்கிய நாளம் குப்பிக்குள் குமிழாக ஏறும். மேலே பிடியைத் திருகினால் வளையம் நழுவிக் குமிழின் கழுத்தில் விழுந்து இறுக்கிக்கொள்ளும். அவ்வளவுதான். கடையில் பருப்புப் பையைக் கட்டும் ரப்பரைவிடச் சின்ன ஒரு வளையம் என் அம்மாவின் உயிரைக் கட்டிப் பிடித்திருந்தது. மூலத்துக்கு ரப்பர் வளையம் போடும் பழைய முறையைப் பார்த்து, அமெரிக்காவின் டென்வரில் ஸ்டீக்மன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1980களில் இதைக் கெமராவோடு சேர்த்திருக்கிறார். அதற்கு முன் ஊசியால் மருந்தைச் செலுத்தி நாளத்தைக் கருக்குவார்கள். வளையம் வந்த பிறகு உணவுக்குழாய்க்கு அது பின்னுக்குப் போய்விட்டது.

இரண்டாம் நாள் இரவு அம்மா என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தார். செத்துப்போன அம்மாயியோடு பேசினார். "பெரட்டுக்கு நேரமாச்சு, கூடைய எடு" என்று கட்டிலைவிட்டு இறங்கினார். பார்க்க வந்த ஒருவர் வெளியே போய், பூசாரிக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டார். திருநீறு பூசுவதை நான் தடுக்கவில்லை, நானும்தான் பூசிவிட்டேன். ஆனால் காரணம் குடலில் இருந்தது. தேங்கிய இரத்தம் உள்ளே செரிக்கும்போது அமோனியா உண்டாகிறது. இறுகிய ஈரலால் அதை வடிகட்ட முடியாது, அது மூளைக்கு ஏறுகிறது. இனிப்பான ஒரு பாணி மருந்து கொடுத்தார்கள், லக்டுலோஸ். நாளைக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போகும்படி அளவு பார்த்துக் கொடுக்க வேண்டும். மறுநாள் மாலை அம்மா கண்ணைத் திறந்து, "ஸ்கூலுக்குப் போகலியா புள்ள?" என்று கேட்டார். மலச்சிக்கல் வந்தால் இன்றைக்கும் நாங்கள் பயப்படுவது அதனால்தான்.

எட்டாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். கிளினிக் கொப்பியில் ப்ரோப்ரனோலோல் மாத்திரையும் அடுத்த திகதியும் எழுதியிருந்தது. வளையம் ஒரு கிழமையில் உதிர்ந்து அந்த இடத்தில் புண் இருக்கும், அதனால் கொஞ்ச நாளைக்கு ரொட்டி வேண்டாம், மெதுவானதாகக் கொடுங்கள் என்றார்கள். இரண்டு முதல் நாலு கிழமைக்கு ஒரு தடவை வந்து, புடைப்பு முழுக்க அடங்கும்வரை வளையம் போட வேண்டும் என்றும் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். எனக்கு முக்கியமாகப் பட்டது ரொட்டி வேண்டாம் என்பதுதான். மற்றது காதில் ஏறவில்லை.

இந்த நோயில் ஆட்கள் சாவது இரத்தம் கொட்டுகிற அந்த இரவில்தான் என்று நாம் நினைக்கிறோம். அதிலும் உண்மை இருக்கிறது. ஒரு தடவை இப்படிக் கசிந்தவர்களில் ஆறு கிழமைக்குள் நூற்றுக்கு 15 முதல் 20 பேர் இறக்கிறார்கள், நல்ல சிகிச்சை இருந்தும்தான். ஆனால் தப்பியவர்களை அப்படியே விட்டால், ஓரிரு வருடத்துக்குள் நூற்றுக்கு அறுபது பேருக்குத் திரும்ப வரும். அந்த அறுபதைக் குறைப்பது வளையமும் மாத்திரையும் சேர்ந்துதான். இரண்டையும் செய்ய வேண்டியது வலியில்லாத நாளில், சிவப்பே தெரியாத நாளில். இரத்தம் கொட்டினால் பத்துப் பேர் கம்பளி தூக்குவார்கள். ஒன்றுமே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, விடிய நாலரை பஸ்ஸில் கண்டிக்குப் போக யாரும் தூக்கிவிட மாட்டார்கள்.

இரண்டாம் தடவை மார்ச்சில் போனோம், வளையம் போட்டோம். மூன்றாம் தடவைக்குத் திகதி ஏப்ரல் கடைசி. அம்மாவுக்கு உடம்பு தேறியிருந்தது, மலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். அப்போது நாட்சம்பளம் 1000 ரூபா. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம், போகும், கூட வருகிறவரின் பேரும் போகும். "எனக்கு என்னா இப்ப, நல்லாத்தானே இருக்கேன்" என்றார். பிறகு நாடு முழுக்கப் பெட்ரோல் இல்லை. பஸ் வருமா வராதா என்று தெரியாது, வேன்காரர் கேட்ட காசு என் சம்பளத்தில் பாதி. மாத்திரை முடிந்தது. ஏறும்போது அது மூச்சு வாங்கவைக்கிறது, தலை சுற்றுகிறது என்று அம்மா ஏற்கெனவே அரைகுறையாகத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மூன்று மாதத்தில் ஒரு நாளாவது நான் பிடிவாதம் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை.

ஜூலையில் பாடசாலைகள் மூடியிருந்தன, நான் வீட்டில் இருந்தேன். இரும்பு மாத்திரையை நிறுத்தியிருந்தோம். ஒரு காலை அம்மா கக்கூஸிலிருந்து வந்து வாசலில் நின்றபடி, "புள்ள, தாராட்டம் போகுது" என்றார். வாந்தி இல்லை, வலி இல்லை. நாங்கள் காத்திருக்கவில்லை. 1990க்கு அடித்தோம், அம்மா தன் காலாலேயே ரோடு வரைக்கும் இறங்கி வந்தார்.

இந்தத் தடவை கசிந்தது இரைப்பையில். உணவுக்குழாய்ப் புடைப்பும் இரைப்பைப் புடைப்பும் ஒன்றல்ல. இரைப்பையில் அது எங்கே இருக்கிறது, உணவுக்குழாயிலிருந்து தொடர்கிறதா தனியே நிற்கிறதா என்று பிரித்துப் பார்த்துத்தான் சிகிச்சையை முடிவு செய்கிறார்கள். அந்தப் பிரிப்பை டெல்லியைச் சேர்ந்த ஷிவ் குமார் சரின் என்ற ஈரல் வைத்தியரின் பெயரால்தான் உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அம்மாவுடையது இரைப்பையின் மேல் வளைவில் இருந்தது. அங்கே நாளம் பெரிது, ஆழமானது, வளையத்துக்கு முழுசாக அகப்படாது. ஆகவே பசை ஊற்றினார்கள். சயனோஅக்ரிலேட். கடையில் விற்கும் சூப்பர் குளூவின் சொந்தக்காரன்தான். ஊசியால் நாளத்துக்குள் செலுத்தினால் இரத்தம் பட்டவுடன் இறுகி, உள்ளேயே கல்லாகி அடைத்துவிடும். 1980களில் ஹம்பர்க்கில் சோஹேந்திரா என்ற வைத்தியர் தொடங்கிய முறை. அறைக்குள் இருந்த மிஸ்மார் எல்லாம் கண்ணாடி போட்டிருந்தார்கள். பசை கண்ணில் தெறித்தால் ஆபத்து என்று பிறகு ஒருவர் சொன்னார்.

திரும்பி வந்த அன்றே அம்மா வெற்றிலைப் பெட்டியை அத்தையிடம் கொடுத்துவிட்டார். யாரும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "இனிமே செவப்பாத் துப்புனா அது என்னான்னு தெரியணும்ல" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு திகதியையும் விடவில்லை. மூன்று தடவை வளையம், இன்னொரு தடவை பசை, பிறகு புடைப்பு அடங்கிவிட்டது. இப்போது வருடத்துக்கு ஒரு தடவை கெமரா. ப்ரோப்ரனோலோலை மாற்றி கார்வெடிலோல் கொடுக்கிறார்கள். இந்த வகை மாத்திரைகள் இதய நோய்க்கென்று வந்தவை. ஈரல் நாளத்தின் அழுத்தத்தையும் இவை குறைக்கும், மறுகசிவைத் தடுக்கும் என்று 1980களின் தொடக்கத்தில் பாரிஸில் லெப்ரெக் என்பவரின் குழுதான் காட்டியது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இவை ஆகாது, பிரஷர் ரொம்பவும் இறங்கினால் டொக்டரிடம் சொல்லிக் குறைக்க வேண்டும், நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நாடியை எண்ண அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தேன். என் பழைய கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்து எண்ணுவார். அறுபதுக்குக் கிட்ட வந்தால் "மருந்து வேலை செய்யுது" என்பார். கொழுந்து எடுக்கப் போவதை நிறுத்திவிட்டார். அது எங்களுக்குப் பெரிய இழப்புத்தான், அந்த ஏற்றத்தில் அந்த நாடியோடு ஏற முடியாது.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஈரல் நோய் என்றால் கஞ்சியும் இளநீரும் மட்டும் கொடுத்து ஆளை எலும்பாக்குகிறோம். அம்மாவுக்குச் சொன்னது நேர்மாறு: பருப்பு, முட்டை, சோயா, மீன் எல்லாம் வேண்டும், சதை கரைந்தால் ஈரலுக்கு இன்னும் சுமை. படுக்கப்போகுமுன் ஏதாவது கொஞ்சம் சாப்பிட வேண்டும், ராத்திரி முழுக்கப் பட்டினி கிடக்கக் கூடாது. குறைக்கச் சொன்னது உப்பைத்தான். கருவாடு இல்லாமல் அம்மாவுக்குச் சோறு இறங்காது, அதில்தான் இன்னும் சண்டை.

மாமா விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். அன்று கோபப்பட்டாரே, அதே மாமா. வேலை முடிந்து தவறணைக்குப் போகாத நாள் கிடையாது. போன வருடம் கால் வீங்கியது. அவருடைய பழைய இரத்தக் கடதாசி ஒன்றை எடுத்துப் பார்த்தேன், பிளேட்லட் 94,000. முன்பென்றால் டெங்கு வந்து போயிருக்கும் என்று மடித்து வைத்திருப்பேன். கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேனில் ஈரல் இறுகியிருந்தது. கெமராவில் புடைப்பு இருந்தது, நடுத்தர அளவு, இதுவரை ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. மாத்திரை கொடுத்தார்கள். குடியை விடவேண்டும் என்று டொக்டர் சொன்னபோது மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டர் குரலை உயர்த்தவில்லை. "விட்டால் ஈரல் கொஞ்சம் தேறும், இந்த அழுத்தமும் இறங்கும், நான் பார்த்திருக்கிறேன்" என்றார், அதையே இரண்டு தடவை. விட்டு ஏழு மாதம் ஆகிறது. இடையில் இரண்டு தடவை வழுக்கினார். அதை எனக்கு மறைக்காமல் வந்து சொன்னார்.

இப்போது இரண்டு பேருக்கும் ஒரே நாளில் கிளினிக் திகதி கேட்டு வாங்கியிருக்கிறோம். போன செவ்வாய் நாலரை பஸ்ஸில் நான் பின்சீட்டில் இருந்தேன். வெளியே ஒரே பனி, கண்ணாடி முழுக்க வேர்த்திருந்தது. நோர்வூட் தாண்டியதும் அம்மா மாமாவின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, மணிக்கட்டில் விரலை அழுத்தி, கடிகாரத்தை பஸ் லைட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார். மாமா ஏதோ பேச வாயெடுத்தார். "சும்மா இருடா, எண்ணிக்கை தப்பிப்போகும்" என்றார் அம்மா.